அடுக்கு வாக்குறுதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

கணினி மொழிகளின் வரலாற்றை எழுதுவோர் மொழி பிறந்த ஆண்டையும் ஆக்கியோன் பெயரையும் கூறி அமைகின்றனர். எழுதுவோரின் கைப்பழக்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதை நோக்குவோர் சிலரே. வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இன்று கணினி பயிலும் மாணவர்க்கு அவ்வரலாறு பயன் தருவதாகும்.

1995 இல் பிறெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். தொலைவிலுள்ள கணினியின் விடைக்காக அது காத்து நிற்குமாயின் திரை உறைந்துவிடும். ஆகவே, விடை வந்ததும் செய்யவேண்டியதை ஒரு சார்பாக ஒப்படைத்துவிட்டு அப்பாற் செல்லும் மீளழைப்பு முறை வழக்காயிற்று. 2009 இல் ரயன் டால் நோட் என்னும் சூழலை வெளியிட்டபின், ஒன்றனுள் ஒன்றாக ஐந்தாறு மீளழைப்புகள் வலப்புறம் சாய்ந்து செல்லும் நிரல்கள் பெருகின.

இதற்கு மருந்தாக வந்த 'பிராமிஸ்', அதாவது வாக்குறுதி, மிகப் பழைய கருத்து. அப்பெயரை 1976 இல் பிரீட்மனும் வைசும் வழங்கினர். 1988 இல் லிஸ்கொவ், ஷ்ரீரா ஆகியோர், பின்னர் வரவிருக்கும் விடைக்கு ஈடாக உடனே கைக்கு வரும் பொருளாக அதனை விளக்கினர். 2015 ஆம் ஆண்டின் எக்மாஸ்கிரிப்ட் நியமம் அதனை ஜாவாஸ்கிரிப்டின் உறுப்பாக்கிற்று.

அந்நியமத்தின் உயிர்நிலை ஒரு விதியிலுள்ளது. 'தென்' என்பதற்குக் கொடுத்த சார்பு வேறொரு வாக்குறுதியைத் திருப்பித் தருமாயின், வெளி வாக்குறுதி அதன் முடிவையே தன் முடிவாக ஏற்கும். வன்னியின் தொடர்குளங்களை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். மேற்குளம் வான்பாய்ந்தால் அந்நீர் கீழ்க்குளத்தைச் சேரும். இடையிலுள்ள வாய்க்கால் தூர்ந்துவிடின் சேராது. திருப்பித் தரும் 'றிட்டேர்ன்' என்ற சொல்லை மறப்பதும் வாய்க்கால் தூர்ந்தமை போன்றதே. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்க, அடுத்த படி காத்திராது ஓடிவிடும். உள்ளே நேர்ந்த வழுவும் இறுதியிலுள்ள 'கட்ச்' என்பதிடம் வந்து சேராது.

அடுக்கு எல்லாம் குற்றமென்பது என் கருத்தன்று. மாணவர் விபரத்தைப் பெற்று, அதனைக் கொண்டு அவர் பெற்ற புள்ளிகளைத் தேடி, இரண்டையும் ஒருங்கே அச்சிட வேண்டுமிடத்து ஓரடுக்கு தகும். தேவையற்ற இடத்தும் அடுக்குவது மீளழைப்பிற் பழகிய கையின் வேலை. 2017 இல் வந்த 'அசிங்க்', 'அவேய்ட்' என்பன இவ்வோரடுக்கையும் பெரும்பாலும் வேண்டாததாக்கின. எனினும் 'அவேய்ட்' மறந்துபோகுமிடத்துப் பழைய கசிவே மீண்டும் நிகழும். முன்னர் இத்தகைய வழுவுக்கு எச்சரிக்கையோடு அமைந்த நோட், 2020 இல் வெளிவந்த 15 ஆம் பதிப்பிலிருந்து, எவரும் கையேற்காத வழு நேர்ந்தால் நிரலையே நிறுத்திவிடுகிறது.