மானாப் புல்லின் மணம்

கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள பத்தனைகளிலே வெயிலேறிய வேளையில் நடப்பவர், ஆளுயரம் வளர்ந்து நிற்கும் மானாப் புல்லைக் காணாமல் இருக்க முடியாது. அதன் இலையொன்றைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சையை ஒத்த ஒரு நெடி எழும். காப்பித் தோட்டங்கள் தோன்றிய காலத்தில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இப்புல்லை அறுத்துக் கட்டி லயங்களுக்குக் கூரை வேய்ந்தனர்; தகரம் பின்னரே வந்தது. கோடையில் பத்தனை தீப்பற்றும்போது முதலில் எரிவதும் இதுவே.

கொஸ்லந்தையில் தியலும அருவியாக 220 மீற்றர் வீழும் பூனாகலை ஓயாவின் நீர், கிரிந்தி ஓயாவை அடைந்து தென்கடலிற் கலக்கிறது. அந்தத் தென்புலத்தில், ஜின் கங்கைக்கும் வளவை கங்கைக்கும் இடைப்பட்ட நிலத்தில், மானாவின் உறவான மற்றொரு புல் பெருஞ் செல்வமாக மதிக்கப்பட்டது. அதனைச் சிங்கள மக்கள் 'பெங்கிரி மானா' என்பர். வாணிகத்தில் அதன் தைலத்துக்குச் சிற்றொனெல்லா என்று பெயர். அறுத்த புல்லைக் கலத்திலிட்டு நீராவியைச் செலுத்தினால், ஆவியோடு எண்ணெயும் எழுந்து குளிர்ந்து வடியும். வடித்து முடிந்த சக்கையை உலர்த்தி அதே அடுப்புக்கு விறகாக்கினர். சிக்கனம் என்றால் அதுவன்றோ! 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுக்கு 10 இலட்சம் இறாத்தலுக்கு மேல் இத்தைலம் இலங்கையிலிருந்து கப்பலேறிற்று. மேனாட்டாரின் சவர்க்காரங்கள் பலவற்றுக்கு மணமூட்டியது இதுவே.

ஆனால் பொருள் பெருகியபோது கலப்படமும் பெருகியது. மண்ணெண்ணெய் கலந்த தைலத்தைக் கண்டுபிடிக்க, ஜெர்மனியின் ஷிம்மல் நிறுவனம் ஒரு சோதனையை வகுத்தது. ஒரு பங்கு தைலம், 80 சதவீதச் சாராயத்தின் பத்துப் பங்கிலே தெளிவாகக் கரைதல் வேண்டும். கலங்கினால் குட்டு வெளிப்படும். இதற்கிடையில் இலங்கையிலிருந்து சென்ற மகாபெங்கிரி என்னும் வகை ஜாவாவிலே செழித்து, மேலான தைலத்தைத் தந்து, இலங்கைச் சரக்கையே பின்தள்ளியது.

இப்புற்களின் குலமுறையை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஊவாவைச் சேர்ந்தவர் என்பது பலர் அறியாதது. 1906இல் கியூ தாவரத் தோட்டத்து அறிஞர் ஸ்டாப், இந்திய, இலங்கைத் தைலப் புற்களைப் பற்றி எழுதினார். பெங்கிரி காட்டிலே காணப்படாத பயிர். மானாவே அதன் காட்டுவடிவம் என்பது அவர் கருத்து. பண்டாரவளையில் வாழ்ந்த ஜோவிற் என்பவர் இப்புற்களை நுணுகி நோக்கி, 1908இல் பேராதனைத் தாவரப் பூங்காவின் ஆய்விதழில் தம் முடிவுகளை வெளியிட்டார். மகாபெங்கிரிக்குத் தைலம் வடிக்கும் தொழிலில் முன்னின்ற வின்டர் என்பவரின் பெயரை இட்டவரும் அவரே.

அறிஞர் கண்ட அந்த உறவு பத்தனைத் தொழிலாளருக்குப் பணமாகவில்லை. தென்கரைப் புல் தைலமாயிற்று. மலைப் புல் கூரையாயிற்று. எனினும் தோட்டங்கள் மானாவைக் கைவிடவில்லை. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய நிலத்திலே குவாத்தமாலாப் புல்லையோ மானாவையோ நட்டு, வளர வளர வெட்டி அங்கேயே பரப்பி, மண் தேறிய பின்னரே புதுக் கன்று வைப்பர். இப்பணிக்குப் புல்வெட்டச் செல்வோரின் கைகளில் அந்த எலுமிச்சை மணம் மாலைவரை தங்கியிருக்கும்.