தோற்றுக் கற்ற கல்லூரி

அமெரிக்க நாட்டில், திருச்சிலுவைச் சபைக் குரு எட்வர்ட் சொரின் அடிகளார் 1842-ஆம் ஆண்டு நிறுவிய நோட்டர் டேம் கல்லூரி, காற்பந்தில் பெரும் பெயர் பெற்றது. (நம்மூர்க் காற்பந்தன்று, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம்.)

ஆனால் 1887-இல் அம்மாணவர்க்கு இவ்வாட்ட விதிகளே புதிது. நவம்பர் 23 அன்று மிச்சிகன் பல்கலைக்கழக அணியினர் வந்தனர். முதலில் இரு அணியினரும் கலந்து நின்று பழகினர். பின்னர் எதிரெதிர் மோதியதில் விருந்தினர்க்கே 8-0 என வெற்றி. அப்பருவத்தில் ஆடியதும் அந்த ஒன்றே! ஆசிரியரிடமே தோற்றதில் வெட்கமென்ன? தோற்கடித்தவர்களுக்குக் கல்லூரியார் விருந்தளித்தனர்.

1888 ஏப்ரலில் மீண்டும் அவர்களுடனேயே மோதி, அடுத்தடுத்த நாட்களில் 26-6, 10-4 எனத் தோற்றனர். டிசம்பரில் சிகாகோப் பள்ளி அணியொன்றை 20-0 என வென்று முதல் வெற்றி கண்டனர். மிச்சிகனை வெல்லவோ, எட்டுத் தோல்விகளுக்குப் பின் 1909-இல்தான் முடிந்தது: 11-3.