பத்துக் கேள்விகளில் இல்லாத ஒரு கேள்வி

ஆண்டர்சன்பேட்டைத் தமிழில் 'மருந்து குடித்துவிட்டார்' என்றால், நலம்பெறக் குடித்தார் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்பதே பொருள். தமிழகச் சிற்றூர்களிலும் இவ்வழக்கு உண்டு. வெறுமனே 'குடித்தார்' என்றாலோ சாராயம். மக்கள் ஒரே வினைச்சொல்லால் சுட்டும் இவ்விரண்டையும் நம் சட்டமும் மருத்துவமும் நெடுங்காலம் தனித்தனி அறைகளில் வைத்திருந்தன.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவின் வழியாகத் தற்கொலை முயற்சியைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. குடியோ அரசுக்கு ஆயத்தீர்வை வருவாய். கர்நாடகத்தில் பாக்கெட் சாராயம் 2007 ஜூலை வரை சட்டப்படியே விற்றது. பின்னாளிலும் இப்பிரிவினை மாறவில்லை. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டம் சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. தன்னார்வ நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதி அளிப்பது சமூக நீதி அமைச்சகம். குடிப்பழக்கத்தைக் கண்டறிய உலகச் சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட 'ஆடிட்' வினாப்படிவத்தில் பத்துக் கேள்விகள் உள்ளன. வாழ விருப்பம் உண்டா என்பது அவற்றுள் ஒன்றன்று.

என் மாமா ஒருவர் 2016இல் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். முந்தைய மாதம்தான் அவர் 'மருந்து' குடித்துப் பிழைத்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பாட்டி அஞ்சினார். அவர் இன்று நலமாக இருப்பது எங்கள் நற்பேறு; முறை காப்பாற்றியது என்று சொல்ல இயலாது.

பாட்டியின் அச்சத்துக்கு 2018 மே மாதம் சட்டம் ஓரளவு விடை தந்தது. அப்போது நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. இச்செய்தி எங்கள் லைன் வீடுகளை எட்டியதாகத் தெரியவில்லை.

இங்கு இது ஏன் அவசரம்? பெங்களூரில் நிம்ஹான்ஸின் குருராஜும் உடனாய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, தற்கொலைக்கு இட்டுச்செல்லும் காரணிகளாக முந்தைய முயற்சி, மதுநோய், குடும்ப வன்முறை, வேலையின்மை, திடீர்ப் பணமுறிவு ஆகியவற்றைக் காட்டியது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச்சுரங்கம் மூடப்பட்டபின் எங்கள் தெருக்களில் இவற்றுள் எத்தனை ஒரே வீட்டில் குடியிருந்தன என்பதை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ ஒரு மரணத்துக்கு ஒரு காரணமே எழுதும். 2022 அறிக்கையில் போதையும் மதுவும் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. குடித்து, வேலையிழந்து, மனைவியோடு சண்டையிட்டவர் 'குடும்பப் பிரச்சினை'க் கட்டத்தில் அடங்கிவிட்டால், அக்கணக்கில் குடி காணாமற்போகும்.

சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வொன்று 2008இல் வெளியானது. சென்னைப் பகுதியை நடத்தியவர், 1986இல் சிநேகா அமைப்பை நிறுவிய லட்சுமி விஜயகுமார். முயன்று பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினர்க்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்க்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி அல்லது நேர்வழி நலவிசாரிப்பும். முதற்பிரிவில் தற்கொலையால் இறந்தோர் 2.2 விழுக்காடு, இரண்டாவதில் 0.2. இது குடிநோயாளர்க்கென நடந்த ஆய்வன்று. அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் செலவு குறைந்த, செவிலியரே செய்யத்தக்க இம்முறையை மறுவாழ்வு மையங்களில் சோதித்துப் பார்ப்பதற்குத் தடை என்ன?

அமெரிக்காவில் போதைச் சிகிச்சை ஆலோசகர்களுக்குத் தற்கொலைத் தடுப்பு வழிகாட்டி நூல் 2009இலேயே வந்துவிட்டது. கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்தையும் ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 'உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா?' இந்தப் பதினோராவது கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். ஆம் என்பவரைத் தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் சேர்ப்பதுதான் கடினமான பகுதி.

மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறி இரவில் திரும்பும் தொழிலாளியைப் பகல்நேரப் புறநோயாளர் பிரிவு பார்ப்பதேயில்லை. அவரைத் தொலைபேசிதான் எட்டும். இப்போதைக்கு டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. நாள் முழுதும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.