பிரிக் லேன் பிள்ளைகள்

கிழக்கு இலண்டனின் பிரிக் லேன் தெருவில் ஒரு பழைய கட்டடம் உள்ளது. பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த ஹியூகனாட் கிறித்தவர்களின் தேவாலயமாக 1743இல் எழுப்பப்பட்ட அது, 1898இல் யூதர்களின் வழிபாட்டுக் கூடமாயிற்று. 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. குடியேறியோரின் வரலாற்றை அக்கட்டடத்திலேயே நாம் படித்துவிடலாம்.

வழிபாட்டிடத்தைப் போலவே வகுப்பறையும் கைமாறியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இத்திஷ் மொழி பேசியபடி வந்த யூதப் பிள்ளைகள் அருகிலிருந்த யூத இலவசப் பள்ளியில் ஆங்கிலம் கற்றனர். அவர்களுக்குப் பின், சில்ஹெட் வட்டாரத்துக் கப்பலோட்டிகளின் வழியைப் பின்பற்றி வந்தோர், 1970களிலிருந்து தம் குடும்பங்களை அழைத்துக்கொண்டனர். தந்தையர் தையற்கூடங்களிலும் உணவகங்களிலும் உழைத்தனர். பிள்ளைகளோ இடையில் அறுந்த படிப்புடன், அறியாத மொழியில், நெரிசலான வீடுகளிலிருந்து பள்ளிக்குச் சென்றனர். தையல் தொழிலாளி அல்தாப் அலி 1978இல் இனவெறிக்குப் பலியான தெருக்கள் அவை.

வங்காளப் பிள்ளைகள் கல்வியில் மிகவும் பின்தங்கியிருப்பதை 1985இல் சுவான் குழு எடுத்துக்காட்டியது. அப்பதிற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமே இருக்கவில்லை. 1997இல், இங்கிலாந்தின் 149 கல்வி வட்டாரங்களுள் இவர்கள் வாழும் டவர் ஹாம்லெட்ஸ் கடைசி இடத்தில் நின்றது. மொழியும் மார்க்கமும் பெற்றோரின் அறியாமையுமே காரணம் எனச் சொல்வது அப்போது எளிதாயிருந்தது.

அதன்பின் நிகழ்ந்தது நம் சிந்தனைக்குரியது. வட்டாரக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் இலக்கு வகுத்தது. நல்லாசிரியர்களைத் தேடிச் சேர்த்தது. பெற்றோரின் மொழியறிந்தோரைப் பணியில் அமர்த்தியது. பிள்ளைகள் நாள்தோறும் பள்ளிக்கு வருவதற்குப் பள்ளிவாசலும் துணைநின்றது. 2013 அளவில், பதினாறு வயதுப் பொதுத்தேர்வில் டவர் ஹாம்லெட்ஸ் நாட்டின் சராசரியைக் கடந்திருந்தது. வங்காள மாணவர்கள் வெள்ளையின மாணவர்களை முந்தியிருந்தனர்.

இங்கிலாந்திலேயே பிறந்த தலைமுறை வளர்ந்ததும் இதற்கு ஒரு காரணமே, அதை மறுப்பதற்கில்லை. எனினும் மார்க்கம் மாறவில்லை, வீட்டு மொழி மறையவில்லை, வறுமையும் நீங்கிவிடவில்லை. அவையே தடையெனில் இவ்வெற்றி எவ்வாறு வந்திருக்கும்? பிள்ளையின் குறையென்று கருதப்பட்டதில் பெரும்பகுதி பள்ளியின் குறையாகவே இருந்தது என்பது தெளிவு.

ஆயினும் வரலாறு இங்கே நிறைவுறவில்லை. தேர்வில் முந்திய இத்தலைமுறை, குறிப்பாகப் பெண்மக்கள், தகுதிக்கேற்ற வேலையைப் பெறுவதில் இன்னும் பின்தங்கியே இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பள்ளி தன் வாயிலைத் திறந்துவிட்டது. பணியிடங்களின் வாயில் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.