பரிசளித்த பாரிஸும் பாந்தியாகராவின் எழுத்தாளரும்

2021 நவம்பர் 3-ஆம் நாள், பாரிஸ் நகரின் துரூஆன் உணவகத்தில், பிரெஞ்சு இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற விருதான கோன்கூர் வழக்கம்போல் அறிவிக்கப்பட்டது. பெற்றவர் செனகல் நாட்டின் முஹம்மத் இம்புகார் ஸார். அப்போது அவருக்கு வயது 31. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளைச் சேர்ந்த ஓர் எழுத்தாளருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. விருதுத் தொகை வெறும் 10 யூரோ. ஆயினும் கோன்கூர் என்ற சொல் அட்டையில் ஏறிவிட்டால் நூலின் விற்பனை எங்கோ போய்விடும் என்பதைப் பதிப்பாளர் யாவரும் அறிவர். அந்த நாவலை ஸார் ஒரு மனிதருக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அவர் பெயர் யாம்போ உவோலோகெம். அதே பாரிஸ் நகரம் ஒருகாலத்தில் தோளில் தூக்கி, நான்கே ஆண்டுகளில் கீழே போட்ட மாலி நாட்டு முஸ்லிம் அவர்.

ஆப்பிரிக்கா என்றதும் நம் பிள்ளைகளுக்கு பிலால் (ரலி) அவர்களும், முஹாஜிர்களுக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னரும், பொன்னை அள்ளி இறைத்தபடி ஹஜ்ஜுக்குச் சென்ற மன்சா மூசாவும் நினைவுக்கு வருவர். அதற்குப் பிந்தைய ஆப்பிரிக்க முஸ்லிம்களின் சிந்தனையும் எழுத்தும் நம்மிடம் வந்துசேர்வதென்றால், பெரும்பாலும் இலண்டனிலோ பாரிஸிலோ ஸ்டாக்ஹோமிலோ யாரோ ஒரு குழு கைகாட்டிய பிறகே வருகின்றன. அந்தக் கை எப்படிக் காட்டுகிறது என்பதை அறிவதற்கு உவோலோகெமின் வாழ்வைவிடத் தெளிவான சான்று வேறில்லை எனக் கருதுகிறேன்.

அவர் 1940-இல் பாந்தியாகராவில் பிறந்தார். மேற்கு ஆப்பிரிக்க இஸ்லாமிய வரலாற்றைப் படித்தோர்க்கு இவ்வூர் புதிதன்று. அல்ஹாஜ் உமர் தால் அவர்கள் 1864-இல் இறையடி சேர்ந்தது இவ்வூரை அடுத்த மலைச்சரிவுகளில்தான். திஜானிய்யா தரீக்காவின் ஞானாசிரியர் தியர்னோ போகார் பாடம் நடத்தியதும் இங்கேதான். அவருடைய மாணவரும், வாய்மொழி மரபுகளைத் தேடித் தேடி எழுத்தில் பதித்தவருமான அமாது ஹம்பாத்தே பா பிறந்ததும் இதே ஊர்தான். இத்தகைய மண்ணிலிருந்து புறப்பட்ட இளைஞர், மேற்படிப்புக்காகப் பாரிஸ் சென்று, 28 வயதில் 'வன்முறையின் கடமை' எனப் பொருள்படும் நாவலை வெளியிட்டார். பாரிஸின் பெரிய பதிப்பகங்களுள் ஒன்றான ஸோய் அதை அச்சிட்டது. 1968-இல் அதற்கு ரெனோதோ விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

நாவலில் வருவது நாக்கெம் என்னும் கற்பனைப் பேரரசு. ஸைஃப் என்னும் பட்டப்பெயர் கொண்ட முஸ்லிம் அரச குலம் அதை ஆள்கிறது. அவர்கள் கொடியவர்கள்; சூழ்ச்சிக்காரர்கள்; சொந்த மக்களையே அடிமைகளாக விற்பவர்கள். பிரெஞ்சுப் படை வந்தபோது அதனையும் தம் தந்திரத்தால் வளைத்துக்கொள்கிறார்கள். இதைப் படிக்கும் முஸ்லிமுக்கு மனம் நோகும். ஆபாசமும் குரூரமும் நிறைந்த பக்கங்கள் அதில் உண்டு. குடும்பத்தில் வைத்து வாசிக்கத்தக்க நூல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது தொட்ட புண் பொய்யன்று. முஸ்லிம் ஆட்சியாளர்கள் அடிமை வணிகம் செய்தனர். திம்புக்துவின் மாபெரும் ஃபகீஹ் அஹ்மத் பாபா (ரஹ்) அவர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது குறித்துத் தனி நூல் எழுதி, கறுப்பு நிறம் அடிமைத்தனத்துக்குக் காரணமாகாது என்றும் முஸ்லிமான எவரையும் அடிமைப்படுத்துவது கூடாது என்றும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. நடக்காத ஒன்றுக்கு ஃபத்வா எதற்கு?

பாரிஸின் மகிழ்ச்சிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1960-இல்தான் மாலியும் செனகலும் விடுதலை பெற்றிருந்தன. காலனி ஆட்சியின் கொடுமைகளைப் பற்றிய கேள்விகள் பிரான்ஸைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்நேரத்தில், "வெள்ளையர் வருமுன்னரே எங்கள் நாட்டில் வன்முறை இருந்தது" என்னும் பொருள்பட ஓர் ஆப்பிரிக்கரே எழுதினால், அதைக் கேட்பவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்! இதுவே முதல் உண்மையான ஆப்பிரிக்க நாவல் என்ற பாராட்டுகளும் எழுந்தன. அதே நாவலில், ஆப்பிரிக்க முகமூடிகளையும் கட்டுக்கதைகளையும் வாங்கிக் கொண்டுபோய் ஐரோப்பாவில் விற்றுப் பேரறிஞனாகும் ஷ்ரோபேனியஸ் என்ற ஜெர்மானியனை உவோலோகெம் கேலியால் கிழித்திருந்தார். 'உண்மையான ஆப்பிரிக்கா' என்னும் சரக்கை வாங்கும் சந்தையைப் பற்றிய கேலி அது. சந்தையோ அந்தப் பக்கங்களையும் சேர்த்து விலைக்கு வாங்கிக்கொண்டது.

இதற்கு நேர்மாறான ஒன்று அதே பாரிஸில் முன்பு நடந்திருந்தது. 1921-இல் கோன்கூர் விருது பெற்ற ரெனே மாரான் என்ற கறுப்பின எழுத்தாளர், பிரெஞ்சுக் காலனி அரசின் அலுவலராக மத்திய ஆப்பிரிக்காவில் பணியாற்றியவர். தம் நாவலின் முன்னுரையில் காலனி நிருவாகத்தின் கொடுமையை வெளிப்படையாகச் சாடினார். விருது கொடுத்த நாடே கொதித்தெழுந்தது. நூல் ஆப்பிரிக்கக் காலனிகளில் தடைசெய்யப்பட்டது. அவரும் அரசுப் பணியை விட்டு நீங்கினார். விருதுக் குழு நேர்மையாகத் தேர்ந்தாலும் அதைச் சுற்றியுள்ள அரசியல் சும்மா இருப்பதில்லை.

உவோலோகெமுக்கு இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1972-இல் இலண்டனின் டைம்ஸ் இலக்கிய இதழ், அவருடைய நாவலின் ஒரு பகுதியையும் கிரஹாம் கிரீன் 1934-இல் எழுதிய நாவலின் ஒரு பகுதியையும் அருகருகே அச்சிட்டுக் காட்டியது. ஆந்த்ரே ஷ்வார்ஸ்-பார் என்ற யூத எழுத்தாளரின் நாவலிலிருந்தும் எடுத்தாளப்பட்டிருப்பது முன்னரே பேசப்பட்டிருந்தது. கிரீன் தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்க, பதிப்பகம் நூலை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. தம் கையெழுத்துப் படியில் மேற்கோள் குறிகள் இருந்தன, அச்சில்தான் அவை நீக்கப்பட்டன என்பது உவோலோகெமின் வாதம். ஷ்வார்ஸ்-பாரோ தம் எழுத்து இவ்வாறு எடுத்தாளப்பட்டதில் தமக்கு வருத்தமில்லை என்றே கூறினார்.

இதில் நாம் எப்பக்கம் நிற்பது? ஒரு ஹதீஸை ஸனது இல்லாமல் சொன்னால் ஏற்காத உம்மத் நாம். யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்வது இல்மின் அமானத். அந்த அளவுகோலின்படி, குறிகளை நீக்கியவர் எவரோ அவர் மீது குற்றம் நிற்கிறது. ஆனால் தண்டனை விழுந்த விதத்தைப் பாருங்கள். பிறர் வரிகளைத் தம் படைப்புக்குள் பதித்த ஐரோப்பிய நவீனக் கவிஞர்களை மேதைகள் என்று கொண்டாடிய அதே விமர்சன உலகம், ஆப்பிரிக்கர் ஒருவர் அதைச் செய்தபோது, 'இவனுக்குச் சொந்தமாக எழுதத் தெரியுமா' என்ற சந்தேகத்துக்கு உடனே தாவியது. பதிப்பகமோ விருதுக்காலத்தில் விற்றுவிட்டு, வழக்குக்காலத்தில் ஒதுங்கிக்கொண்டது. பழியோடு தனித்து நின்றவர் எழுத்தாளர் மட்டுமே.

1970களின் பிற்பகுதியில் அவர் மாலிக்குத் திரும்பினார். மோப்திக்கு அருகே செவாரே என்னும் ஊரில், ஐவேளைத் தொழுகையைப் பேணும் மார்க்கப் பற்றாளராக ஒதுங்கி வாழ்ந்தார். தம் நூல்களைப் பற்றிப் பேச மறுத்தார். 1990களில் கிறிஸ்டோபர் வைஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவரைத் தேடிச் சென்று சந்தித்து, பின்னர் அவரைப் பற்றி ஒரு நூலையே தொகுத்தார். அதற்குப் பிறகும் மௌனம் கலையவில்லை. 2017 அக்டோபர் 14 அன்று செவாரேயிலேயே காலமானார். மறு ஆண்டே பாரிஸில் அந்நாவல் மறுபதிப்புக் கண்டது. இலக்கியத்தை உதறிவிட்டு தீனுக்குத் திரும்பிய வீரர் என்று சிலர் இவரைச் சித்தரிக்கக்கூடும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். காயம்பட்ட ஒருவர் பள்ளிவாசலில் ஆறுதல் கண்டார் என்பது போதும். உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான்.

எல்லா விருதும் ஐரோப்பாவைச் சுற்றியே வந்தன என்று எண்ணவேண்டாம். 1979-இல் ஜப்பானியப் பதிப்பாளர் ஷோய்ச்சி நோமா ஆப்பிரிக்காவுக்காக ஒரு விருதை நிறுவினார். நூல் ஆப்பிரிக்க மண்ணில், ஆப்பிரிக்கப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஒரு நிபந்தனையே ஆட்டத்தை மாற்றியது. 1980-இல் அதன் முதல் விருதைப் பெற்றவர் தக்கார் நகரின் பள்ளி ஆசிரியை மரியாமா பா. தாயை இளவயதில் இழந்து, பாட்டனார் வீட்டில் குர்ஆன் ஓதி வளர்ந்தவர். ஒன்பது பிள்ளைகளின் தாய். 'இவ்வளவு நீண்ட கடிதம்' என்னும் அவருடைய நாவல், கணவரை இழந்த ரமதூலாயி என்ற பெண், நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் காலத்தில் தோழிக்கு எழுதும் கடிதமாக அமைந்தது. மகளின் பள்ளித் தோழியையே இரண்டாம் மனைவியாக்கிக்கொண்டு, தன்னையும் பிள்ளைகளையும் கைவிட்ட கணவரைப் பற்றி அவள் எழுதுகிறாள்.

மேற்கில் இந்நூலைப் பலர் இஸ்லாத்துக்கு எதிரான பெண்குரலாகவே வாசித்தனர். நூலைத் திறந்து பார்த்தால் ரமதூலாயி தொழுகிறாள், இத்தாவின் ஒழுங்கைப் பேணுகிறாள், மய்யித்தானவருக்காகப் பொறுத்துக்கொள்கிறாள். அவள் கேட்பதெல்லாம் அந்நிஸா அத்தியாயத்தின் 3-ஆம் வசனம் விதிக்கும் நீதியைத்தான். அந்த நிபந்தனையை மறந்துவிட்டு அனுமதியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஆண்கள் செனகலில் மட்டும் வாழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மரியாமா பா விருது பெற்ற அடுத்த ஆண்டே, 1981-இல், இரண்டாம் நாவல் அச்சாகும் முன் மறைந்தார். நோமா விருது 2009-உடன் நின்றுபோயிற்று.

மொழியின் கதை இன்னும் கடினமானது. ஆப்பிரிக்காவிலிருந்து இலக்கிய நோபல் பெற்றவர்களில் ஐரோப்பிய மொழியல்லாத மொழியில் எழுதியவர் 1988-இல் அதைப் பெற்ற எகிப்தின் நஜீப் மஹ்ஃபூஸ் ஒருவரே. அரபுக்காவது அந்த ஒரு வாசல் திறந்தது. ஹவுஸா, ஃபுலானி, வோலோஃப், சுவாஹிலி ஆகிய முஸ்லிம் மொழிகளுக்கு அதுவுமில்லை. இம்மொழிகளுக்கு எழுத்து இல்லாமலா போயிற்று? நம் கீழக்கரை, காயல்பட்டினத்து வீடுகளில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்ததுபோல், அங்கே அரபு எழுத்தில் தாய்மொழியை எழுதும் அஜமி மரபு பல நூற்றாண்டுகளாக உண்டு. ஷைகு உஸ்மான் தன் ஃபோதியோ (ரஹ்) அவர்களின் மகளார் நானா அஸ்மா, அரபு, ஃபுலானி, ஹவுஸா மூன்றிலும் கவிதை இயற்றி, அவற்றைக் கொண்டே ஊர் ஊராகப் பெண்களுக்கு மார்க்கம் கற்பிக்க ஆசிரியைகளை அனுப்பினார். ஸார் வளர்ந்த ஜூர்பெல் நகரிலேயே ஷைகு அஹ்மத் பம்பா (ரஹ்) அவர்களைப் பிரெஞ்சு அரசு 15 ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்தது. அவருடைய முரீதான மூசா கா, வோலோஃப் மொழியில் அஜமி எழுத்தில் பாடிய பாடல்கள் இன்றும் அங்கே ஓதப்படுகின்றன. இவற்றை எந்த விருதுக் குழுவின் மேசையில் வைப்பது? அச்சிட்ட நூல், பதிப்பகம், குழுவினர் படிக்கும் மொழி என்ற மூன்று வாசல்களிலும் இவை நுழையா.

மாற்றம் அறவே இல்லை என்பதற்கில்லை. 2014-இல் சுவாஹிலி மொழி எழுத்துக்கென்றே ஒரு விருது தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் தந்தவர்களில் முதன்மையானது கென்யாவில் கூரைத் தகடு செய்யும் ஒரு நிறுவனம். ஓர் இலக்கிய விருதுக்குத் தகரக்கூரை நிழல் தந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஸாரின் நாவலையும் பாரிஸ் பதிப்பகம் ஒன்றோடு தக்காரின் ஜிம்ஸான் பதிப்பகமும் சேர்ந்தே வெளியிட்டது.

ஸார் விருது பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, 2021 அக்டோபர் 7 அன்று, சான்ஸிபாரில் பிறந்த அப்துர் ரஸ்ஸாக் குர்னாவுக்கு நோபல் அறிவிக்கப்பட்டது. 1964 புரட்சிக்குப் பின் நிகழ்ந்த அடக்குமுறையால் ஊரைவிட்டு இங்கிலாந்து சென்று, அதுவரை ஆங்கிலத்தில் பத்து நாவல்கள் எழுதியிருந்தவர். 1994-இல் வெளிவந்து புக்கர் இறுதிப் பட்டியல்வரை சென்ற அவருடைய 'பாரடைஸ்' நாவலில், தந்தையின் கடனுக்கு ஈடாக ஒரு வணிகரிடம் ஒப்படைக்கப்படும் சிறுவனின் பெயர் யூசுஃப். வணிகரின் பெயர் அஸீஸ். அவருடைய மனைவி அச்சிறுவன்மேல் ஆசைகொள்கிறாள். மேற்கத்திய விமர்சகர் பலர் இந்நூலைப் படித்துவிட்டு ஜோசப் கான்ராடை நினைவுகூர்ந்தனர். ஓதத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளையிடம் இக்கதையைச் சொன்னால் எந்த சூராவைச் சொல்லும் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

அந்நாவலைக் குர்னாவின் தாய்மொழியான சுவாஹிலியில் இதா ஹாஜிவயானிஸ் மொழிபெயர்த்து, 'பெப்போனி' என்ற பெயரில் தாருஸ்ஸலாம் நகரின் பதிப்பகம் வெளியிட்டது. அது வெளிவந்த ஆண்டு 2022. ஆங்கிலத்தில் அச்சாகி 28 ஆண்டுகள் கழித்து, நோபல் வந்த மறு ஆண்டு, யூசுஃபின் கதை சான்ஸிபார் மக்கள் வீட்டில் பேசும் மொழிக்கு வந்துசேர்ந்தது.