கல்லில் ஒரு கூட்டல்

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலை ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் கட்டினார்கள். இரும்பும் மரமும் சேராத கருங்கல் கட்டடம். கட்டிய ஆண்டு கல்லில் இருக்கிறது. எண்ணாக அல்ல, சொல்லாக. இறைவனை நினைப்பதே பெரிது என்று பொருள்படும் மூன்று அரபுச் சொற்கள். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. கூட்டினால் முதற் சொல் 920, இறைவன் பெயர் 66, கடைசிச் சொல் 223. மொத்தம் ஹிஜ்ரி 1209. இதை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிரத். பாரசீகம் கற்ற இந்து.

சோழர் கல்வெட்டுகளில் ஆண்டு என்பது பெரும்பாலும் ஆட்சியாண்டு. எந்த அரசன் என்று தெரியாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. இந்த மூன்று சொற்களிலோ நவாப் இல்லை. 1801இல் கர்நாடகத்தின் நிர்வாகம் கும்பினி கைக்குப் போயிற்று. 1855இல் கடைசி நவாப் இறந்ததும் பட்டமும் போயிற்று. சேப்பாக்கம் அரண்மனை சர்க்கார் அலுவலகமாயிற்று. பள்ளிவாசல் பள்ளிவாசலாகவே இருக்கிறது. ஆட்சி போனபின் அரண்மனைக்கு வேலையில்லை. தொழுகை ஐந்து வேளையும் வந்துகொண்டிருக்கிறது.

இதற்கு மத நல்லிணக்கம் என்று பெயர் சூட்டி முடித்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. அது மேடைச் சொல். மக்கன் லால் நல்லிணக்கம் செய்ய வரவில்லை. தனக்குத் தெரிந்த மொழியில் கணக்குப் பிசகாமல் எழுதினார். பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த இந்து ஒருவர் தொடங்கிய சூஃபிதார் அமைப்பினர் ரம்ஜானில் நோன்பு திறக்க இங்கே பல ஆண்டுகளாக உணவு பரிமாறி வருகிறார்கள். அவர்களும் பேசுவதில்லை, பரிமாறுகிறார்கள்.

மாறியது ஒன்று உண்டு. ஒரு காலத்தில் பாரசீகம் இந்த நகரத்தில் இரு மதத்தாரும் படித்த மொழி. இன்று அந்தக் கல்லின் முன் நின்று கூட்டிப் பார்க்கக்கூடியவர்கள் சொற்பம். கணக்கு அப்படியே இருக்கிறது, வாசகர்கள்தான் போய்விட்டார்கள்.

தமிழ் இலக்கிய வரலாற்றில் மக்கன் லாலுக்கு இடமில்லை. அது நியாயம்தான், அவர் எழுதியது தமிழ் அல்ல. ஆனால் சென்னையின் இலக்கியம் என்று பேசும்போதும் நாம் தமிழையும் இங்கிலீஷையும் மட்டுமே எண்ணுகிறோம். நகரத்தின் ஒரு சுவரையே விட்டுவிட்டுச் செய்யும் இந்தக் கூட்டல் எப்படிச் சரியாக வரும்?