ஜப்பானில் பார்வையற்றோரும் மருத்துவத் தொழிலும்: ஒதுக்கீடும் விலக்கும்

முன்னுரை

பார்வையற்றோர் பிறர் உதவியை நாடுவோர் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றனர். ஆனால் ஜப்பானில் நோய் தீர்க்கும் தொழிலின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அவர்கள் வசம் இருந்தது. அதே நாட்டில் பார்வையின்மை மருத்துவர் உரிமத்திற்குத் தடையாகவும் அமைந்தது. இம்முரணின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொழில் மரபு

எடோ காலத்தில் (1603–1868) பார்வையற்ற ஆண்கள் 'தோதோசா' என்னும் தொழிற்குழுவின்கீழ் இசை, மசாஜ், குத்தூசி மருத்துவம் ஆகியவற்றில் ஈடுபட்டனர். இளமையில் பார்வை இழந்த சுகியாமா வாயிச்சி, மெல்லிய குழாய் வழியே ஊசியைச் செலுத்தும் முறையை நிலைபெறச் செய்தார். விரலால் இடமறிந்து, குழாயை ஊன்றி, ஊசியின் தலையைத் தட்டிச் செலுத்துவது இம்முறையாகும். ஷோகன் சுனயோஷிக்கு மருத்துவம் செய்த அவர், பார்வையற்றோர்க்குப் பயிற்சிக்கூடமும் நிறுவினார். இன்று பார்வையுள்ள மருத்துவரும் இக்குழாயைப் பயன்படுத்துகின்றனர். எனவே தொடுவுணர்வு பார்வைக்கு மாற்றாக மட்டுமன்றி, புதிய மருத்துவ நுட்பத்தின் தோற்றுவாயாகவும் விளங்கியது எனலாம்.

சட்டத்தின் இருமுகம்

மெய்ஜி அரசு 1871இல் தோதோசாவைக் கலைத்தது. 1874ஆம் ஆண்டின் மருத்துவ விதிமுறை மேலை மருத்துவத்தை முதன்மைப்படுத்தியது. பின்னர் 1948ஆம் ஆண்டின் மருத்துவர் சட்டம், பார்வையற்றோர்க்கு மருத்துவர் உரிமம் வழங்கலாகாது என விதித்தது. தனியொருவரின் திறனை ஆராயாமலேயே அவரை விலக்கிய இம்முழுத் தடை, 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது.

இதற்கிடையே, மசாஜ் தொழிலில் பார்வையுள்ளோர் பெருகியமையால் பார்வையற்றோரின் வாழ்வாதாரம் நலிவுற்றது. 1964ஆம் ஆண்டுத் திருத்தம், பார்வையுள்ளோர்க்கான புதிய மசாஜ் பயிற்சி நிறுவனங்களுக்கு 'தற்போதைக்கு' அனுமதி மறுக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. இது தொழில் தேர்வுரிமைக்கு முரணானது எனத் தொடரப்பட்ட வழக்கில், அவ்விதி செல்லும் என உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தற்காலிகமாக வந்த விதி அரை நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்துள்ளது.

முடிவுரை

1964 முதல் 2001 வரை 37 ஆண்டுகள், ஒரு சட்டம் பார்வையற்றோர்க்கு ஒரு தொழிலைக் காத்தது. மற்றொரு சட்டம் அதற்கு அண்மையிலுள்ள தொழிலை அவர்களுக்கு மறுத்தது. பிற வழிகள் அடைபட்டிருந்தமையே அவ்வொதுக்கீட்டை இன்றியமையாததாக்கியது. ஆகவே ஒதுக்கீட்டைச் சலுகை என்று மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. அதனை விலக்கின் வரலாற்றோடு இணைத்தே மதிப்பிடல் வேண்டும். விலக்கு நீங்கும் முன் ஒதுக்கீட்டை நீக்கினால், அவர்களிடம் எஞ்சியிருக்கும் தொழிலும் பறிபோகும்.